இயந்திரம் படிக்காத வரிகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ‘யூசர் ஃப்ரெண்ட்லி’ என்ற சொல்லை நீங்கள் ஆளுக்கு நாலு தடவையாவது சொல்லிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். நானும் ஒரு காலத்தில் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். யாருக்கு ஃப்ரெண்ட்லி என்று யாரும் திருப்பிக் கேட்காததால் பல வருடம் தப்பித்து வந்தேன். ஓய்வு பெற்றவர்களைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இப்படி எழுதச் சொன்னால் சாதனைகளை வரிசையாக அடுக்குவார்கள். என் சாதனைகளைப் படிக்க உங்களுக்குப் பொறுமை இருக்காது. எனவே நேராக ஒரு முட்டாள்தனத்துக்கு வருகிறேன். அதில் பெரும்பங்கு என்னுடையது.

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய ஒரு மாடிவீடுதான் எங்கள் கம்பெனி. கீழே பஞ்சர் கடை. மேலே பதினாலு பேர். பாதிப் பேர் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள். அப்பா மைன்ஸில் பெர்மனன்ட், மாமா பவர் ஹவுஸில் பெர்மனன்ட், நாம் மட்டும் பஞ்சர் கடைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோமே என்ற துக்கம் காலையில் வரும்போதே முகத்தில் ஒட்டியிருக்கும். அந்தத் துக்கத்தை மறைக்கத்தான் எங்கள் முதலாளி தன் அறைக்கதவில் ‘எம்.டி.’ என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தார். பதினாலு பேருக்கு ஒரு எம்.டி. அவருக்கு அடுத்தபடி நான். என் நாற்காலிக்குப் பலகை இல்லை, மண்டைக்கனத்துக்குக் குறைவில்லை.

‘தானே’ புயலில் முந்திரிக் காடு சாய்ந்த பிறகு வெளிநாட்டுக் கொட்டை மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய காலம் அது. காடாம்புலியூர் பக்கம் ஒரு முந்திரி ஆலை பழைய முறையை விட்டு மெஷின் போட்டது. கொட்டையை உடைப்பதற்கு முன் ஆவியில் வேகவைப்பார்கள். அதற்கு ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு இரும்புக் கலன்கள் உண்டு. ஆலையில் அவற்றுக்குக் குக்கர் என்றுதான் பெயர். கொட்டை வெந்ததும் ஆவி ஒரு குழாய் வழியாகத் தானே வெளியேறும். பிறகு கீழ்க்கதவின் பூட்டு விடுபட்டுப் பச்சை விளக்கு எரியும். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கொக்கியால் கதவை இழுத்துக் கொட்டையைத் தள்ளுவண்டியில் இறக்குவார்.

பூட்டு எப்போது விடுபட வேண்டும், எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வைக்க நாங்கள் ஒரு சின்ன நிரல்மொழி செய்து கொடுத்திருந்தோம். சொற்கள் எல்லாம் தமிழ்தான். ‘பிரஷர் சைபர் ஆகி, பத்து நிமிடமும் கடந்தால், பூட்டை விடு’ என்று எழுதினால் மெஷின் கேட்கும். மூன்று வருடம் எங்களுக்கு எந்தப் புகாரும் வராமல் ஓடியது. ஒழுங்காக ஓடுகிற ஒன்றைப் பார்த்தால் நம் தொழிலில் இருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்குமா?

ஒரு விதியை மெஷின் நாம் படிப்பதைப் போலப் படிப்பதில்லை. எது நிபந்தனை, எது செயல், எது எதற்குக் கீழே வரும் என்று பிரித்து ஒரு மரமாக ஆக்கிக்கொள்ளும். தொடரியல் மரம் என்று நீங்கள் பரீட்சைக்குப் படித்தது இதைத்தான். அந்த மரத்தையே திரையில் காட்டி, கிளையை மவுஸால் இழுத்து விதியை மாற்ற விட்டால் என்ன என்று எங்களுக்குத் தோன்றியது. எழுத்துப்பிழை வராது. மொழி தெரியாதவரும் மாற்றலாம். யோசனையில் குற்றமே இல்லை. அதைச் செய்யக் கிளம்பியவர்கள் நாங்கள் என்பதுதான் குற்றம்.

முதலில் நாங்கள் காட்டிய மரத்தில் ‘கோவை’, ‘உறுப்பு’, ‘காரணி’ என்று எங்கள் வசதிக்காக உள்ளே வைத்திருந்த பெயர்கள் அத்தனையும் தொங்கின. பத்து என்ற எண்ணைப் பார்க்க ஐந்து படி இறங்க வேண்டும். அதை ஒருவழியாகச் சுருக்கினோம். அப்போது எம்.டி. வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

“மேடம், மரம் மரம்னு சொல்றோம். பார்த்தா மரம் மாதிரியே இல்லையே?”

அவ்வளவுதான். அடிமரத்துக்குப் பழுப்பு நிறம், நிபந்தனைகளுக்குப் பச்சை இலை, செயல் ஒவ்வொன்றும் ஒரு பலாப்பழம். பண்ருட்டிப் பக்கத்து ஆளுக்குப் பலாப்பழத்தைக் காட்டினால் மனசு இளகிவிடும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. பழத்தின் முள் சரியாக வரவில்லை என்று மூன்று வாரம் போனது. நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர ஒரு பொத்தான் வேண்டாமா என்று எங்கள் குழுவில் ஒரு பெண் கேட்டாள். “அது அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம்” என்றார் எம்.டி. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்த முள் பிடித்திருந்தது.

இனி என் பங்கைச் சொல்கிறேன். அந்த நிரல்மொழியில் ‘#’ குறி போட்டுத் தொடங்கும் வரியை மெஷின் படிக்காது. குறிப்பு எழுதிக்கொள்ள எங்களுக்காக நாங்கள் வைத்துக்கொண்ட வசதி அது. ஆலையின் சூப்பர்வைசர் தனசேகர் அதைத் தன் வசமாக்கிக்கொண்டார். அவர் சில வருடம் மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்தவர். ஷிப்ட் முடிந்து போகிறவன் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவனுக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு அங்கே ஊறியது. ஆலையில் அதற்குத் தனி நோட்டுப் புத்தகம் கிடையாது. எந்த விதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அந்த விதிக்கு மேலேயே குறிப்பு எழுதினார். மற்ற சூப்பர்வைசர்களும் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் விதிகளை விடக் குறிப்புகள் அதிகமாகிவிட்டன.

அந்த ஃபைலைத் திறந்தாலே எனக்குச் சிரிப்பு வரும். நான் துடைத்து வைத்த மாதிரி செய்து கொடுத்த மொழியில் டீ, பால், பெல்ட் என்று கண்டதையும் கிறுக்கி வைத்திருக்கிறார்களே என்று இளக்காரம். எனவே மரத்தைக் கட்டும்போது, “மெஷின் படிக்காத வரி மரத்திலும் வேண்டாம்” என்று நான்தான் சொன்னேன். திரையில் ஒரு கிளையை மாற்றிச் சேமித்தால், மரத்திலிருந்துதான் ஃபைல் புதிதாக எழுதப்படும். மரத்தில் இல்லாதது ஃபைலிலும் இருக்காது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய மூளை தேவையில்லை. எனக்கு அந்தச் சின்ன மூளையும் அன்று வேலை செய்யவில்லை. சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். நன்றாகச் சோதித்தோம். நாங்களே எழுதிய ஃபைல்களை வைத்து, ஒரு குறிப்புகூட இல்லாத ஃபைல்களை வைத்துச் சோதித்தோம். எல்லாவற்றிலும் தேர்ச்சி.

ஆலையில் காட்டிய நாள் ஒரு திங்கட்கிழமை காலை. மெஷின்கள் இருக்கும் கூடத்தைப் பார்த்தபடி மேலே ஒரு கண்ணாடி அறை உண்டு. ஆலை முதலாளி, அவருடைய மைத்துனர், எங்கள் எம்.டி., நான். குளிர்ந்த மோர், முந்திரி பக்கோடா. தனசேகரைக் கூப்பிடவில்லை. அவர் வெளியே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அதாவது, பயன்படுத்துகிறவருக்கு எளிதான ஒன்றைச் செய்துவிட்டு, பயன்படுத்துகிறவர் ஒருவர்கூட இல்லாத அறையில் உட்கார்ந்து அதைப் பாராட்டிக்கொண்டிருந்தோம். நீங்கள் போன வாரம் நடத்திய கூட்டத்தின் புகைப்படத்தை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். அதிலும் எல்லாரும் நம் ஆட்களாகவே தெரிந்தார்கள்.

பலாப்பழம் வேலை செய்தது. ஆலை முதலாளி குழந்தை மாதிரி ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்தார். இரண்டாம் குக்கரின் பழத்துக்கு வந்ததும் நின்றார்.

“என்னாங்க இது? பூட்டு ஒண்ணு, எலை ரெண்டு இருக்குது. பிரஷரே இல்லன்னா அப்புறம் பத்து நிமிஷம் எதுக்கு நின்னுகினு இருக்கணும்?”

“கரெக்டா புடிச்சீங்க சார்! இதத்தான் நாங்க சொல்றோம். மரமாப் பார்த்தா எல்லாம் பளிச்சுனு தெரியும்” என்று எம்.டி. குதித்தார்.

ஆலை முதலாளி என்னைப் பார்த்தார். படித்த அம்மாள் என்ன சொல்கிறாள் என்ற பார்வை. நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “லாஜிக்படி தேவையில்லைங்க சார்” என்றேன். அவர் அந்தப் பத்து நிமிட இலையைப் பிடித்து இழுத்துக் குப்பைத்தொட்டிப் படத்தில் போட்டார். சேமித்தார். சேமித்த நொடியே மெஷினுக்குப் போய்விடும் என்பது எங்கள் விளம்பரத்தின் முதல் வரி. போய்விட்டது.

எம்.டி.க்கு இன்னும் ஆசை அடங்கவில்லை. “மேடம், ஃபைல் எவ்ளோ சுத்தமா ஆயிடுச்சுன்னு சாருக்குக் காட்டுங்க” என்றார். என் லேப்டாப்பில் பழைய ஃபைலின் பிரதி இருந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையது பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. புதியது ஒரே பக்கம். சும்மா காட்டியிருக்கலாம். எனக்குத்தான் வேடிக்கை காட்டும் ஆசை. தனசேகர் பேசுவதைப் போலவே இழுத்து இழுத்துக் குறிப்புகளை உரக்கப் படித்தேன்.

“‘பெல்ட்டு லூசு அடிக்குது. ஒரு தட்டு தட்டிட்டு ஸ்டார்ட்டு பண்ணவும்.’”

மைத்துனர் சிரித்தார்.

“‘நாளிக்கி டீக்கடை லீவு. வூட்டுலேந்து டீ எடுத்துகினு வரவும்.’”

எல்லாரும் சிரித்தோம். ஆலை முதலாளி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் அடுத்ததற்குப் போனேன்.

“‘ரெண்டாம் குக்கரு மீட்டரு பொய் சொல்லும். மீட்டரு பைப்புல கொட்ட எண்ணெ அடச்சிகினு சைபர் காட்டும். உள்ள ஆவி அப்படியே இருக்கும். பத்து நிமிஷத்த யாரும் எடுத்துடாதீங்க. கை வெந்துடும். மீட்டர மாத்தச் சொல்லி ஓனருகிட்ட மூணு தடவ சொல்லியாச்சி.’”

பாதியிலேயே இழுப்பு என் குரலிலிருந்து போய்விட்டது. மைத்துனர் முந்தைய சிரிப்பை இன்னும் முடிக்கவில்லை. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். இரண்டாம் குக்கரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் குக்கரில் கதவு திறக்கும் அஞ்சலை என்ற பெண்மணி, நாற்பது வயதிருக்கும், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கொக்கியோடு அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களாம். எனக்கு அன்று எந்த வகுப்பும் நினைவுக்கு வரவில்லை. கத்தினால் கேட்காது, கொட்டை உடைக்கும் மெஷின்களின் சத்தம் அப்படி. நீக்கிய இலையைத் திரும்ப ஒட்டலாமென்றால் பொத்தான் அடுத்த வெர்ஷனில் இருக்கிறது. படியில் இறங்கி ஓடினால் என் முழங்காலுக்கு எப்படியும் ஒரு நிமிடம் ஆகும். “மேடம், இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாமே” என்று எம்.டி. என் காதருகே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கேட்டது. அந்தப் பூட்டைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். கரண்ட் இருந்தால்தான் அது விடுபடும். கரண்ட் போனால் தாழ் தானாக விழுந்துவிடும். கண்ணாடி அறையின் கதவோரத்தில் ஆலையின் மெயின் சுவிட்ச் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன்.

ஆலை மொத்தமும் நின்றது. உலர்த்தியில் இருந்த பருப்பு கெட்டுப்போகும் என்று தெரியும். ஆலை முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “உங்களுக்கு என்னா பைத்தியமா?” என்றார். கீழே அஞ்சலை கொக்கியை மாட்டிக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. காலைக் கதவுச் சட்டத்தில் ஊன்றி மறுபடி இழுத்தார். மெஷின் சத்தம் அடங்கியதும் அவர் குரல் மேலே வரைக்கும் வந்தது. “எவன்டா கரண்ட புடுங்கினது? லோடு இறக்கறதா வாணாவா?”

நான் கண்ணாடிக் கதவைத் திறந்து, “ரெண்டாம் குக்கர்! தொடாதீங்க!” என்று கத்தினேன். கரண்ட் போனதைப் பார்த்துத் தனசேகர் அதற்குள் உள்ளே ஓடி வந்துவிட்டார். என்னை ஒரு தரம் பார்த்தார். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. அஞ்சலையைத் தோளைப் பிடித்து விலக்கிவிட்டு, ஏணியில் ஏறிக் கலனின் தலையில் இருந்த கைவால்வைத் திருகினார். சைபர் காட்டிய அந்தக் குக்கரிலிருந்து ஆவி கூரையை முட்டிக்கொண்டு அலறியது. நின்றபாடில்லை. எங்கள் எம்.டி. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பத்திரமாக இருக்க வேண்டியது அதுதான் என்று அவருக்கு அப்போதும் தோன்றியிருக்கிறது.

அடுத்த நாள் அவர் எழுதிய அறிக்கையில் ‘பயனர் தரப்பில் ஒரு சிறு தவறு’ என்று இருந்தது. யார் அந்தப் பயனர்? இலையை இழுத்த ஆலை முதலாளியா? அவர் செய்தது நாங்கள் செய்யச் சொல்லி, எளிதாக்கி, பழமும் இலையும் வரைந்து கொடுத்தது. மீட்டரை மாற்றாமல் விட்டதற்கு அவர் தனியாக வெட்கப்பட வேண்டும், அது வேறு கணக்கு. நான் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. குறிப்பு வரிகளை அழிக்கச் சொன்னது நான், தேவையில்லை என்று வாய் கூசாமல் சொன்னதும் நான் என்று தனியாக எழுதிக் கொடுத்தேன். எம்.டி. அதை எந்த டிராயரில் பூட்டினாரோ, யாரும் பார்க்கவில்லை.

பிறகு மரத்தை முதலிலிருந்து கட்டினோம். இந்தத் தடவை தனசேகர் எங்கள் மாடிவீட்டுக்கு வந்து, ஐந்து நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு ஃபைலை மரமாக்கி, எதையும் தொடாமல் மறுபடி ஃபைலாக்கினால், எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி அதே ஃபைல் கிடைக்க வேண்டும். இதுதான் முதல் சோதனை என்று வைத்தோம். குறிப்பு எந்த விதிக்கு மேலே எழுதப்பட்டதோ அந்தக் கிளையோடு ஒட்டிக்கொண்டே போகும். கிளையை நீக்கப் போனால் அதில் ஒட்டியிருக்கும் குறிப்பு முதலில் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். படிக்காமல் நீக்க முடியாது. திரும்பக் கொண்டுவரும் பொத்தானும் வந்தது. பலாப்பழம் போனது. “எனக்குப் பழம்லாம் வாணாங்க. எழுதி வெச்சது இருந்தா போதும்” என்று தனசேகர் சொன்னபோது எம்.டி. முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நீங்கள் செய்யும் மரத்தைப் பற்றி எனக்கு எழுதியிருந்தீர்கள். தேவையற்ற கணுக்களை எல்லாம் உதறிவிட்டு வெகு நேர்த்தியாக இருக்கிறது என்று. நேர்த்தி என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு இப்போது அந்த ஒரே பக்க ஃபைல்தான் நினைவுக்கு வருகிறது. எது தேவையற்றது என்று யாரைக் கேட்டீர்கள்? மெஷினைக் கேட்டிருந்தால் அது தன் தேவையைச் சொல்லியிருக்கும். அதன் கை வேகாது. ஃபைலில் மனிதன் எழுதியது எல்லாம் ஏதோ ஒரு காரணத்துக்காக எழுதியது. காரணம் உங்களுக்குப் புரியவில்லை என்றால் அதை அழிக்க உங்களுக்கு உரிமை வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். சிரிக்காமலாவது இருங்கள்.

எம்.டி.யிடம் எழுதிக் கொடுத்ததில் நான் சேர்க்காமல் விட்டது ஒன்று உண்டு. அன்று மத்தியானம் கரண்டைக் கொடுத்து, என்னிடம் இருந்த பழைய ஃபைலை மறுபடி ஏற்றிவிட்டுக் கீழே இறங்கினேன். பின்பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

“மேல கண்ணாடிக்குள்ள எல்லாரும் அப்படி சிரிச்சிகினு இருந்தீங்க. நான் கீழேந்து பாத்துகினேதான் இருந்தேன். என்னா மேடம் விஷயம்? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?”

பொய் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் வாய் வரவில்லை. “தனசேகர் எழுதி வெச்சிருந்ததப் படிச்சுச் சிரிச்சோம். மீட்டர் பொய் சொல்லுதுன்னு எழுதியிருந்தாரே, அதையும் அப்படித்தான் படிக்க ஆரம்பிச்சேன்” என்றேன்.

அஞ்சலை தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்தார். வலது கைச் சட்டையை முழங்கை வரை ஏற்றினார். மணிக்கட்டிலிருந்து மேலே தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. பழைய காயம்.

“அது அவரா எழுதினது இல்லீங்க. இது வெந்த பொறவுதான் அந்தப் பத்து நிமிஷத்தயே போட்டாங்க, அப்போ நான் சொல்லச் சொல்ல அவரு எழுதினாரு. எனக்கு எழுத வராது. நான் இல்லாத அன்னிக்கி வேற பொண்ணு வந்து நிக்கும், அதுக்கு யாரு சொல்லுவாங்கன்னுதான் எழுதச் சொன்னேன்.”

“அப்ப மீட்டர் பொய் சொல்லும்னு உங்களுக்குத் தெரியுமே. இன்னிக்கி ஏன் கதவுகிட்ட போனீங்க?”

“மீட்டர நான் பாக்கறதே இல்லீங்க. பச்ச வெளக்கு எரிஞ்சா பத்து நிமிஷம் ஆயிடிச்சின்னு அர்த்தம். அத நம்பித்தான் போனேன்.” சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். “மூணு மணிக்கு அடுத்த லோடு போடுவாங்க. வெளக்க நம்பலாமா மேடம்?”

நம்பலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பழைய ஃபைல் ஏறியாயிற்று, குறிப்பும் நிபந்தனையும் இருக்கின்றன, எனக்கு நிச்சயமாகத் தெரியும். காலையிலும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்துதான் இருந்தது. மூன்று மணிக்கு அவரோடு போய் இரண்டாம் குக்கர் பக்கத்தில் நின்றேன். லோடு வெந்தது. மீட்டர் சைபருக்கு வந்தது. விளக்கு எரியவில்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்தாவது நிமிடம் பச்சை எரிந்தது. அஞ்சலை கொக்கியை எடுத்தார். ஆனால் கதவில் மாட்டவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அப்போதும் மாட்டவில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் நின்ற தனசேகரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் மாட்டினார்.